முள்ளுக்காரி

குண்டசாலை,
16.01.2025

அன்பின் பஸீஹாவுக்கு,

பொங்கல் முடிந்த கையோடு எழுதுகிறேன். இவருக்கு முழங்கால் பிடிப்பு. அதைத் தவிர வீட்டில் முறையிட ஒன்றுமில்லை. சூட்டி இல்லாத முதல் பொங்கல் இது. ஐப்பசியில் அவன் செத்துப்போனதைப் போனில் சொன்னேன் அல்லவா? நாய்க்கு அது நல்ல வயதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் பால் பொங்கும்போது முற்றத்தில் நின்று குரைத்து ஊருக்கு அறிவிக்கிறவன் அவன். இந்த முறை பொங்கியதைக் கவனிக்காமல் அடுப்பை அணைக்கப் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன் என்று சொன்னேனே, அவர்கள் விலங்குக் கதை தவிர வேறொன்றுக்கும் காது கொடுப்பதில்லை. பழையதும் புதியதுமாகச் சேர்த்து ஒரு புத்தகம் போடலாம் என்று நினைத்தேன். தெரிந்தெடுத்த கதைகளை இதோடு கட்டி அனுப்பியிருக்கிறேன். வாசித்து அபிப்பிராயம் எழுதும். முன்னுரையும் நீர்தான் எழுத வேண்டும். அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் உமது பெயர் வர வேண்டும் என்பது என் ஆசை.

போனில் கேட்டால் ஆகாதா என்று நினைப்பீர். போனில் நீர் எல்லாவற்றுக்கும் ‘நல்லம் அக்கா, நல்லம்’ என்பீர். பேனாவைக் கையில் எடுத்தால்தான் உமக்கு உண்மை வரும். நாம் சேர்ந்து பரீட்சை விடைத்தாள் திருத்தப் போன காலத்திலேயே நான் கண்டுகொண்ட சங்கதி இது.

கடைசிக் கதைக்கு மட்டும் எழுதியவர் பெயர் போடவில்லை. வாசித்து முடித்தபின் சொல்கிறேன்.

நீங்கள் குண்டசாலையை விட்டுப் போனபிறகு ஒரு தரம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. புத்தகம் வெளியிடும் நாளிலாவது வாரும்.

அன்புடன்,
கமலாசனி


அலவத்துகொட,
26.01.2025

அன்புள்ள கமலா அக்காவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். நுஸ்ஹா இப்போது என் தோளுக்கு மேலே வளர்ந்துவிட்டாள். சூட்டியை நினைத்துக் கவலைதான். நாய்க்கு நான் எட்ட நிற்கிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. என்னைக் கண்டால் தானாகவே இரண்டடி தள்ளிப் படுப்பான்.

உண்மை எழுதச் சொன்னீர்கள். பிறகு கோபிக்க வேண்டாம்.

பழைய கதைகளை முதலில் சொல்கிறேன். சிங்கராசா சபை கூட்டுகிற கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இருக்கட்டும். எனக்கு அது அலுத்துவிட்டது. இந்த நாட்டில் சிங்கம் காட்டில் இல்லை, கொடியில்தான் இருக்கிறது. நரி என்றால் தந்திரம், கழுதை என்றால் மடையன், முயல் என்றால் பயந்தது. யார் முடிவு செய்தது? கழுதையைக் கேட்டா எழுதினார்கள்? நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருத்தனுக்கு மொக்கன் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் எத்தனை புள்ளி எடுத்தாலும் மொக்கன்தான். அதையேதான் இந்தக் கதைகள் செய்கின்றன.

புதிய கதைகளில் விலங்குகளுக்குப் புத்திமதி சொல்கிற வேலை போய்விட்டது, நிம்மதி. ஆனால் எல்லாம் கவலையில் கிடக்கின்றன. அந்தப் பூனை ஜன்னலோரம் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்குத் தனிமையைப் பற்றி யோசிக்கிறதே, அதற்கு யாராவது ஒரு துண்டு மீன் போட்டிருந்தால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்திருக்கும். குரங்குக் கதை நன்றாக இருக்கிறது. காடு அழிந்து அந்தத் தாய்க்குரங்கு மின்கம்பியில் குட்டியோடு தொங்குகிற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் தகரத்தில் தடதடவென்று சத்தம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்லோடு ஓடினேன். குரங்குகள் கொய்யா மரத்தில் ஒரு பிஞ்சுகூட மிச்சம் வைக்கவில்லை. வாசிப்பவளும் கல்லெறிபவளும் ஒரே ஆள்தான் என்பதை எழுதியவர் அறிந்திருந்தால் கதை இன்னும் நன்றாக வந்திருக்கும்.

யானைக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. யானை பாகனை நினைத்துக் கண்ணீர் வடித்தது என்று எழுதியிருக்கிறார். யானையின் கண்ணில் எப்போதும் நீர் வழியும், அது அதன் உடலின் அமைப்பு. பெரஹர ஊர்வலத்து யானைகளை நாம் எத்தனை தரம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். கண்ணில் ஈரத்தைக் கண்டதும் நம்முடைய துக்கத்தை அதன் தலையில் கட்டிவிடுகிறோம்.

எனக்குப் பிடித்தது ஹந்தானை மாட்டுக் கதை. தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண் ஒருத்தி மாட்டை விற்கக் கொண்டுபோகிறாள், “வா தாயி, வெரசா போவோம்” என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டே போகிறாள். மாடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை வந்தது.

நீங்கள் அனுப்பிய கதைக்கட்டில் ஒரு குறை. முள்ளம்பன்றிக்குக் கதையே இல்லை. எங்கள் மரவள்ளிக்கு ஒன்று வருகிறது. பெயரில் பன்றி இருப்பதால் நுஸ்ஹாவின் வாப்பா அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். “முள்ளுக்காரன் வந்து பெய்த்தீக்கான்” என்று, அது வந்துபோன தடத்தைக் கண்டு காலையில் சொல்வார். டோர்ச் அடித்தால் அது ஓடாது, நம்மைத் துரத்தவும் துரத்தாது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு தன்பாட்டில் நடக்கும். இதைப் பற்றி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லையே.

கடைசிக் கதையை இன்னும் வாசிக்கவில்லை. நுஸ்ஹாவோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பஸீஹா


குண்டசாலை,
02.02.2025

அன்பின் பஸீஹாவுக்கு,

உமது கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பூனைக்கு மீன் போடச் சொன்ன இடத்தில் சிரித்துச் சிரித்து முழங்கால் வலியையே மறந்துபோனார். “உந்தப் பிள்ளை முன்னுரை எழுதினால் எழுத்தாளர் ஒருத்தரும் உம்மோடை கதைக்க மாட்டினம்” என்கிறார். பரவாயில்லை.

ஆனால் ஒன்றில் உம்மோடு சண்டை பிடிக்கப் போகிறேன். பேசாத மாடுதான் உசத்தி என்கிறீர். நான் பேசுகிற விலங்கின் பக்கம். மனிதரை வைத்துச் சொல்ல முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. சொன்னால் இவன் எந்த ஊர், அவள் எந்தச் சனம் என்று உடனே கேட்பார்கள். புத்தகம் வாசிகசாலைக்குள் நுழையவே நுழையாது. ஒரு வாலையும் இரண்டு காதையும் ஒட்டிவிட்டால் பிள்ளைகள் பக்கம் பாராமல் கேட்பார்கள். கேட்டபின் மனதில் எங்கோ கிடக்கும். அது போதும் எனக்கு.

கடைசிக் கதையை வாசித்துவிட்டீரா? அச்சகத்துக்காரர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். உண்மையில் மற்றக் கதைகளைப் பற்றி நீர் என்ன சொன்னாலும் தாங்குவேன். அதைப் பற்றி நீர் சொல்லப்போவதற்காகத்தான் நாளும் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கிறேன். இவ்வளவு சொன்னபிறகு எழுதியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சூட்டி போன கவலையில் ஒரே இருப்பில் எழுதினேன்.

அன்புடன்,
கமலாசனி


அலவத்துகொட,
10.02.2025

கமலா அக்காவுக்கு,

கதையை வாசித்தோம்.

நுஸ்ஹா சத்தமாக வாசிக்க, நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். காட்டில் தீப்பிடிக்கிறது. முயல் தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு நாயின் வீட்டுக்கு வருகிறது. நாய் உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துகிறது. சாப்பாடு கொடுக்கிறது. இதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு குட்டியின் கோப்பையை நாய் தெரியாமல் நக்கிவிடுகிறது. முயல் நடுநடுங்கிக்கொண்டு அந்தக் கோப்பையை ஏழு தரம் கழுவுகிறது, மண் போட்டுக் கழுவுகிறது. நாய் சிரித்து, “அம்மா முயலே, உன் பயம் தண்ணீரில் போகாது” என்கிறது.

நுஸ்ஹா வாசிப்பதை நிறுத்தினாள். “உம்மா, இந்த மொசல் நீங்க தானே?” என்றாள். நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். “கமலா அன்ட்டிட ஊட்டுல நீங்க பீங்கான் கழுவின தானே. எனக்கு ஞாபகம் ஈக்கி.”

கலவரம் நடந்த அந்த மார்ச் மாதம் அவளுக்கு ஆறு வயது. ஊரடங்கு போட்டிருந்தார்கள், நாங்கள் உங்கள் பின்னறையில் இருந்தோம். சத்தம் போடாமல் இரு என்று சொன்னதைத்தான் அவள் நினைவில் வைத்திருப்பாள் என்று நான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா, நான் கழுவியது பயத்தினால் இல்லை. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. அது எங்கள் மார்க்கத்தில் உள்ளது. நுஸ்ஹாவின் புட்டுப் பீங்கானைச் சூட்டி நக்கியபோது நீங்கள் வேறு பீங்கான் எடுக்க ஓடினீர்கள். அந்தப் பீங்கானை மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் வீட்டில் இருக்க எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டில் தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்றுதான் கழுவினேன். உங்களிடம் கொஞ்சம் மண் கேட்டேன். நீங்கள் ஏன் என்று கேட்காமல் கறிவேப்பிலைச் சாடியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் கடை எரிந்ததா இல்லையா என்றே தெரியாமல் இருந்தோம். வெளியே நின்ற சனம் எங்களை என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க நான் நானாக நின்று செய்த காரியம் அது ஒன்றுதான். அதை நீங்கள் அறிந்துகொண்டீர்கள், அதனால்தான் கேட்காமல் தந்தீர்கள் என்று ஏழு வருஷமாக நினைத்திருந்தேன். எனக்கு ஒருவர் செய்த நன்மைகளைச் சொல்லச் சொன்னால் அந்த ஒரு பிடி மண்ணைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது பார்த்தால், நீங்கள் குசினி வாசலில் நின்று ஒரு முயலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

கழுதையைக் கேட்டா எழுதினார்கள் என்று போன கடிதத்தில் பகிடியாக எழுதினேன். அது என் தலையிலேயே வந்து விழும் என்று தெரியவில்லை. காட்டுத்தீ தானாகப் பிடித்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரி, பிள்ளைகளுக்காக அப்படி விட்டிருப்பீர்கள்.

முன்னுரை என்னால் எழுத முடியாது. அட்டையில் என் பெயரும் வேண்டாம். கதைக்கட்டைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன்.

பஸீஹா


குண்டசாலை,
15.02.2025

பஸீஹாவுக்கு,

உமது கடிதம் வந்து மூன்று நாளாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் எழுதுகிற ஒவ்வொரு வரியும் சாட்டுச் சொல்வதாகப் படுகிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியாது. ஏழு தரம் என்பதும் மண் என்பதும் எதற்காக என்று எனக்குத் தெரியவே தெரியாது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சாம்பலும் மண்ணும் போட்டுத்தான் சட்டி பானை மினுக்கினோம். நீர் மண் கேட்டதும், விம் கேட்கக் கூச்சப்படுகிறீர் என்றுதான் நினைத்தேன். பைப்படியில் நின்று திரும்பத் திரும்ப நீர் கழுவியதைப் பார்த்தேன். கை நடுங்கியது. ஐயோ, பயத்தில் இவளுக்கு என்ன செய்கிறதென்றே தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. நிறுத்தச் சொல்லவும் முடியவில்லை. வேறு செய்ய ஒன்றும் இல்லாததால் எத்தனை தரம் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

யானையின் கண்ணீரைப் பற்றி நீர் எழுதியதை வாசித்துத் தலையாட்டியவள் நான். ஈரத்தைக் கண்டு துக்கம் என்று எழுதியதும் நான்தான்.

அன்றைக்கு உங்களிடம் ஒன்றும் கேட்கக்கூடாது, கேள்வி கேட்கிற நேரமா இது என்று நினைத்தேன். அது சரிதான். அதற்குப்பின் இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கேட்டிருக்கலாம். நீங்கள் வீட்டை ஒதுக்கிச் சாமான் ஏற்றிய நாளில்கூட அதைப் பற்றி ஒருவரோடொருவர் வாய் திறக்கவில்லையே. நீர் சொல்லாததற்கு நான் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தேன். நான் கேட்காததற்கு நீர் ஒரு காரணம் கட்டி வைத்திருந்தீர். உமது காரணத்தில் நான் நல்லவளாக இருந்தேன். என்னுடையதில் நீர் பாவமாக இருந்தீர். அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கோப்பை, நீர் பீங்கான் என்கிறது, இன்னும் இருக்கிறது. நீலப்பூப் போட்டது. மண் உரசிய கீறல் நடுவில் தெரியும். காலைச் சாப்பாடு நான் அதில்தான் சாப்பிடுகிறேன். இதை உம்முடைய மனம் இளகட்டும் என்று எழுதவில்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கதையை என்ன செய்யட்டும்? முயல் கழுவுகிற பக்கத்தை எடுத்துவிட்டு, வெறும் தாள் ஒன்றை வைத்து இதோடு அனுப்புகிறேன். அதில் என்ன வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது, உமக்குத்தான் தெரியும். எழுத விருப்பமில்லாவிட்டால் வெறுமையாகவே திருப்பி அனுப்பும். நான் விளங்கிக்கொள்வேன்.

என்னை மன்னிக்க வேண்டும்.

கமலாசனி


குண்டசாலை,
02.03.2025

பஸீஹா,

இன்று நோன்பு தொடங்குகிறது என்று செய்தியில் சொன்னார்கள். நீங்கள் இங்கே இருந்த காலத்தில் மதிலுக்கு மேலால் நீட்டுகிற கஞ்சிக் கோப்பை நினைவு வந்தது.

உம்மிடமிருந்து பதில் இல்லை. இரண்டு தரம் போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். போனில் நீர் ‘பரவாயில்லை அக்கா’ என்று சொல்லிவிடுவீர், அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

அந்தக் கதையை எடுத்துவிடும்படி அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன். உமது பெயரையும் போடவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டிய தேவை ஒன்றுமில்லை.

கமலாசனி


அலவத்துகொட,
09.03.2025

அன்புள்ள கமலா அக்காவுக்கு,

பதில் எழுதாதது கோபத்தில் என்று நினைத்திருப்பீர்கள். முதல் ஒரு கிழமை கோபம்தான். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பிய வெறும் தாள்தான் காரணம். நான் பிறர் எழுதியதைத் திருத்துகிற ஆள். சொந்தமாக நாலு வரி எழுத எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பூனைக் கதைக்காரரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

கதையை எடுக்க வேண்டாம். அச்சகத்துக்குச் சொல்லுங்கள்.

என் கை நடுங்கியது உண்மை. பயத்தில்தான் நடுங்கியது. நீங்கள் பார்த்தது பொய் இல்லை, பாதி. நடுங்குகிற கையாலும் கடமையைச் செய்யலாம் என்பது மற்றப் பாதி. அது முயலுக்குச் சரிவராது. முயல் என்று போட்டதும் பிள்ளைகள் பயத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். என்னை என்னவாகப் போடலாம் என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. “உம்மா முள்ளுக்காரி” என்றாள் நுஸ்ஹா. வாப்பாவும் மகளும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆகவே முயலை எடுத்துவிட்டு முள்ளுக்காரி என்றே போடுங்கள். அந்த விலங்கின் இயற்பெயரை எங்கும் எழுத வேண்டாம், பன்றி என்ற சொல்லோடு என்னைச் சேர்த்து அச்சடித்தால் ஊரில் எனக்குத் தலைகாட்ட முடியாது.

தாளில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்:

‘“எனக்குக் கொஞ்சம் மண் வேண்டும்” என்றாள் முள்ளுக்காரி. அவளுடைய முட்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. நாய் ஏன் என்று கேட்கவில்லை. கறிவேப்பிலைச் செடியடியில் தோண்டிக் கொஞ்சம் மண் கொண்டுவந்து வைத்தது. எங்கள் வீட்டில் இப்படித்தான் கழுவுவோம் என்றாள் முள்ளுக்காரி. நாய் தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது. கழுவி முடித்ததும் அதே கோப்பையில் குட்டிக்குச் சோறு போட்டாள். அவர்கள் அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார்கள்.’

நாய் புத்திமதி சொல்கிற வரியை வெட்டிவிட்டேன். சூட்டி ஒருநாளும் புத்திமதி சொன்னதில்லை. தீ தானாகப் பிடித்தது என்ற இடத்தில் ‘காட்டுக்குத் தீ வைத்திருந்தார்கள்’ என்று மாற்றியிருக்கிறேன். யார் என்று எழுதவில்லை. சாப்பிடுகிற தட்டுக்கு நீங்கள் சொல்கிற ‘கோப்பை’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் பிள்ளைகள் கோப்பை என்றால் தேத்தண்ணி குடிக்கிறது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும், கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

முன்னுரை அடுத்த கிழமை அனுப்புகிறேன். பெயரைப் போடுங்கள்.

வெளியீட்டுக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம் அக்கா. அந்தத் தெருவால் நடந்துவர எனக்கு இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியவில்லை. இதையும் உங்களிடம் போனில் சொல்லியிருக்கமாட்டேன்.

நீங்கள் வாருங்கள். பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஐயாவையும் முழங்காலோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். மரக்கறிச் சமையல்தான், சட்டியும் இறைச்சி படாததாகப் புதிதாகத்தான் எடுப்பேன். வரும்போது அந்த நீலப்பூக் கோப்பையைக் கொண்டு வாருங்கள். உங்களுக்கு அதில்தான் சோறு போடப் போகிறேன்.

சூட்டி இல்லாததால், இந்த முறை ஒரு தடவை கழுவினால் போதும்.

உங்கள் அன்புள்ள,
பஸீஹா